இதர மொழிக் கடிதங்கள்

டன்வெர்த் தேயிலைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சந்தனமாரிக்கு மூன்று பேர் புத்தி சொன்னார்கள்.

முதலாவது ஆள் அவள் அம்மா மாடத்தி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு வியாபாரியின் குடோனில் சுக்கு பொறுக்கித் தரம் பிரிப்பது அவள் வேலை. பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். கொச்சிக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சு பாதி, மலையாளம் பாதி என்றுதான் பேசுவாள். "ஏட்டி, பெரிய கம்பெனி. நீ பாட்டுக்கு வாயத் தொறந்துராத. தலையக் குனிஞ்சுகிட்டே இருந்தா ரிட்டயர் வரைக்கும் இருக்கலாம், பாத்துக்கோ" என்று சொல்லி, மகள் தலையில் ஒரு கை எண்ணெயை வைத்துத் தேய்த்து அனுப்பினாள்.

இரண்டாவது, தபால் பிரிவின் ஹெட் கிளார்க் வைத்தீஸ்வரன். பாலக்காட்டுக்காரர். "பெரிய கம்பெனியில நம்ம வேலை எதுன்னு தெரிஞ்சா மட்டும் போறாது, கேட்டியா? எது நம்ம வேலை இல்லைன்னும் தெரியணும். அதாக்கும் முக்கியம்" என்றார். சொல்லிவிட்டு ரப்பர் ஸ்டாம்பையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

மூன்றாவது, டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த ஓமனா. அவளுக்கும் சந்தனமாரி வயதுதான். ஆனால் கம்பெனியில் யார் யாருக்கு எப்போது மாற்றல், யார் அறையில் புது ஃபேன் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "எடீ மாரி, இங்கே ஸ்டாம்ப் குத்திட்டிருந்தா கை தேயும், அவ்வளவுதான். ஷார்ட்ஹேண்ட் படி. ஸ்டெனோ ஆனா ஐலண்டுல ஹெட் ஆபீஸ். பின்னே மேனேஜருக்கு பி.ஏ., பின்னே செக்ரட்டரி. ஏணி இருக்கு, ஏறினா மதி, அது போதும்."

மூன்று பேர் சொன்னதற்கும் சந்தனமாரி தலையாட்டினாள். அது 1975. கம்பெனியில் மொத்தம் ஆயிரத்து எண்ணூறு பேர். களமசேரியில் தொழிற்சாலை, வில்லிங்டன் தீவில் தலைமை அலுவலகம், மட்டாஞ்சேரியில் குடோன்களும் தபால் பிரிவும். இத்தனை பெரிய இடத்தில் ஒரு மூலையில் தனக்கும் ஒரு நாற்காலி கிடைத்ததே பெரிய விஷயம் என்றுதான் அவள் நினைத்தாள்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. வருகிற கடிதங்களைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, எந்தப் பிரிவுக்கு என்று எழுதிக் கூடையில் போட வேண்டும். இங்கிலீஷ் கடிதங்களுக்கு ஒரு கூடை, மலையாளத்துக்கு ஒன்று. மற்றதெல்லாம் அலமாரிக்கு மேலே இருந்த ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். அதன்மேல் வெள்ளைப் பெயின்டில் 'இதர மொழிகள்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. கம்பெனியின் பாக்கெட் தேயிலை திருநெல்வேலி முதல் கோயமுத்தூர் வரை விற்றது. அதனால் இதர மொழி என்றால் அநேகமாகத் தமிழ்தான். அதை எடுத்துப் படிக்க வேண்டியவர்கள் விற்பனைப் பிரிவுக்காரர்கள். அவர்கள் யாரும் அந்தப் பெட்டியைத் தேடி வந்ததாக வைத்தீஸ்வரனுக்கு நினைவில்லை. அவருக்கே தமிழ் பேசத்தான் வரும், எழுத்து ஓடாது.

சந்தனமாரிக்கு ஓடும். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது மலையாளம்தான். ஆனால் அவர்கள் குடியிருந்த கார்ப்பரேஷன் லைன் வீடுகளின் நாற்பது தமிழ்க் குடும்பங்களுக்கும் ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் பத்து வயதிலிருந்து படித்துச் சொன்னவள் அவள். பதில் எழுதிக் கொடுத்தவளும் அவளே. கோபமாகச் சொல்வதைக் கொஞ்சம் தணித்து எழுதவும், அழுகையோடு சொல்வதை அழுகை தெரியாமல் எழுதவும் அப்போதே பழகியிருந்தாள்.

1977 ஆடி மாதம். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஆலுவாப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுபோய், இரண்டு நாளாகத் தபாலே இல்லை. வைத்தீஸ்வரன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லேசாகக் கண் அயர்ந்திருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் சந்தனமாரி ஸ்டூல் மேல் ஏறித் தகரப் பெட்டியை இறக்கினாள்.

கையில் வந்த முதல் கடிதம் கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் செல்லப்பா என்பவர் எழுதியது.

'ஐயா, உங்கள் தேயிலையை வாங்கிப்போன வாடிக்கையாளர் ஒருவர் பெண் பார்க்க வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். குடித்துப் பார்த்த மாப்பிள்ளையின் தாயார், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, சுக்குக் கஷாயம் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டாராம். சம்பந்தம் நின்றதா நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம்.'

சந்தனமாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்ததை எடுத்தாள். தேனியிலிருந்து. அதிலும் சுக்கு வாடை. அதற்கடுத்தது ராஜபாளையம். அதில் வேறு ஏதோ, பாக்கெட் ஓரம் கிழிந்திருக்கிறதாம். நாலாவதில் மறுபடி சுக்கு. சிரிப்பு அடங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் பெட்டியைக் காலி செய்தாள். நூற்று நாற்பத்து மூன்று கடிதங்களில் அறுபத்தொன்று சுக்கு வாடையைப் பற்றி. அவ்வளவும் ஆவணி முதல் கார்த்திகை வரை எழுதப்பட்டவை. மற்ற மாதங்களில் ஒன்றுகூட இல்லை.

அவளை உறுத்தியது அது மட்டுமில்லை. மாதாமாதம் கம்பெனி கொடுக்கும் தேயிலை பாக்கெட்டைத்தானே அவள் வீட்டிலும் குடிக்கிறார்கள்? அதில் சுக்கு வாடை தெரிந்ததே இல்லை. எப்படித் தெரியும்? அம்மாவின் சேலை, அம்மாவின் கை, அம்மா பிடிக்கிற டம்ளர் எல்லாமே சுக்கு மணக்கும் வீடு அது.

மறுநாள் தன் காசில் ஒரு தபால் கார்டு வாங்கிச் செல்லப்பாவுக்குப் பதில் எழுதினாள். 'உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. இத்தனை நாள் பதில் எழுதாதது எங்கள் தவறு. பாக்கெட்டின் அடியில் உள்ள எண்ணை எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.' எட்டாம் நாள் பதில் வந்தது. எண் மட்டுமில்லை, கடையில் கிடந்த ஆறு பாக்கெட்டுகளின் அடி அட்டையையே வெட்டி ஒட்டி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: 'பதில் வந்ததைப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் காட்டினேன். யாரும் நம்பவில்லை.'

அந்த எண்களை வைத்துக்கொண்டு அவள் குடோனுக்குப் போனாள். குடோன் பொறுப்பாளர் ராமன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேயிலைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்களைப் பார்த்ததுமே, "இது வாடகைக் குடோன் சரக்கல்லோ" என்றார்.

"வாடகைக் குடோனா?"

"நம்ம குடோன் மேல்கூரை ஒழுகும் மோளே. மழைக்காலம் வந்தா பெட்டியை எல்லாம் அந்தக் கடைசிக் குடோனுக்கு மாத்துவோம். மூணு மாசம். அங்கே ஒரு சொட்டுத் தண்ணி விழாது."

கடைசிக் குடோனுக்குள் நுழைந்ததுமே அவளுக்குத் தன் வீட்டுக்குள் நுழைந்தது போல் இருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் சுக்கு மூட்டைகள். அதற்கும் அப்பால் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம். அதில் ஒரு குரல் மாடத்தியுடையது.

"ராமன் சேட்டா, தேயிலை பக்கத்துல இருக்கிறதோட வாசனையை எல்லாம் பிடிச்சுக்குமே?"

"பிடிக்கும். எல்லாவர்க்கும் அறியாம், தெரிஞ்ச விஷயம்தான்."

"அப்போ ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

ராமனுக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருந்தது. "என்னை யாரு கேட்டா? நனையாம பாத்துக்கோன்னாங்க. நனையலை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மோளே, என் பேரை எழுதிடாதே. ரிப்போர்ட் போனா முதல்ல மாத்தறது என்னைத்தான்."

"யாருன்னு எழுத மாட்டேன் சேட்டா. எங்கேன்னு மட்டும் எழுதறேன்."

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாடத்தி வாயைப் பிளந்தாள். "அந்தப் பலகைக்கு அங்கிட்டு ஒங்க கம்பெனிப் பெட்டியா? நாங்க அதுல சாஞ்சுகிட்டுல்லா சோறு திங்கோம்!" அடுத்த நிமிஷமே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "ஏட்டி, இதெல்லாம் நீ எதுக்குக் கிண்டுத? பேசாம இரி."

சந்தனமாரி பேசாமல்தான் இருந்தாள். ஒரே ஒரு பக்கம் டைப் அடித்தாள். எத்தனை கடிதம், எந்த மாதம், எந்த எண், எந்தக் குடோன் என்பது மட்டும். யார் மேலும் குற்றம் இல்லை. தலைப்பில் தன் பெயரைப் போடாமல் 'தபால் பிரிவின் கவனத்துக்கு வந்தவை' என்று போட்டு வைத்தீஸ்வரன் மேசையில் வைத்தாள்.

"இது நம்ம வேலையில்லை" என்றார் அவர், படிக்காமலே. பிறகு படித்தார். 'தபால் பிரிவு' என்ற சொல்லின் மேல் அவர் கண் நின்றது. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் தபால் பிரிவின் கவனத்துக்கு ஏதோ வந்தது என்று யாரும் எழுதியதில்லை. பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் கமா போட்டார். "மேல போறச்சே கமா சரியா இருக்கணும்" என்று முணுமுணுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாளில் காகிதம் திரும்பி வந்தது. விற்பனை மேலாளர் குரியாக்கோஸின் கையெழுத்தோடு ஒரே வரி: 'உங்கள் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். கோப்பு முடிக்கப்பட்டது.'

வைத்தீஸ்வரனின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஓமனா மட்டும், "நான் அப்போவே சொன்னேன், ஷார்ட்ஹேண்ட் படின்னு" என்றாள். சரி, இனி அதைத்தான் செய்வோம் என்று சந்தனமாரியும் இறங்கினாள். சாயங்காலமானால் பேலஸ் ரோட்டில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டே கதி. ரோஷத்தோடு படிப்பவர்களுக்குச் சுருக்கெழுத்து சீக்கிரம் வரும் போலிருக்கிறது. அடுத்த ஜனவரியில் தீவில் ஸ்டெனோ வேலைக்கு நடந்த தேர்வில் அவள்தான் முதல்.

அவள் போய்ச் சேர்ந்த அறை குரியாக்கோஸுடையது.

மட்டாஞ்சேரி படகுத் துறையிலிருந்து காலையில் படகு, தலைக்கு மேல் ஃபேன், பதினொரு மணிக்குப் பீங்கான் கோப்பையில் சாயா. மாடத்தி லைன் வீடு முழுக்க, "எம்மவ தீவுல ஃபேனுக்குக் கீழல்லா இருக்கா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். குரியாக்கோஸும் கெட்ட மனிதர் இல்லை. ஐம்பது வயது, அகலமான சிரிப்பு, எதற்கும் நேரமில்லாத ஆள். நடந்துகொண்டேதான் கடிதம் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த போனை எடுத்திருப்பார். தன்னிடம் வருகிற காகிதத்தில் பாதியை அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார் என்பதை அவள் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டாள்.

ஏழு மாதம் ஓடியது. வேலை சுத்தமாக இருந்தது, சம்பளமும் கூடியிருந்தது. ஆனாலும் சாயங்காலம் படகில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசித்தால், பென்சில் சீவியதுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் குரியாக்கோஸ் ஜன்னலோரமாக நடந்தபடி கோயமுத்தூர் மொத்த வியாபாரி ஒருவருக்குக் கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வியாபாரி, சுக்கு வாடை அடிக்கும் சரக்கை லாரியோடு திருப்பி அனுப்பப்போவதாக இங்கிலீஷில் எழுதியிருந்தார். குரியாக்கோஸ் சொல்லச் சொல்ல சந்தனமாரியின் பென்சில் ஓடியது. 'உங்கள் கடிதம் கண்டு வியப்படைந்தோம். இதுபோன்றதொரு புகார் எங்களுக்கு இதற்கு முன் வந்ததே இல்லை.'

பென்சில் நின்றுவிட்டது.

குரியாக்கோஸ் இரண்டு வாக்கியம் தள்ளிப் போன பிறகுதான் அதைக் கவனித்தார். "எந்தா, ஸ்பீடு கூடிப்போச்சோ?"

"இல்லை சார்." அம்மாவின் எண்ணெய்க் கை தலைமேல் அழுத்துவது போலிருந்தது. "வந்திருக்கு சார்."

"எது?"

"புகார். போன வருஷம் வரைக்கும் அறுபத்தொன்று. தமிழ்ல."

"ஞான் கண்டிட்டில்லல்லோ?"

"பார்த்திருக்க மாட்டீங்க சார். ஆனா கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. குரியாக்கோஸ் நடப்பதை நிறுத்தினார். ஏழு மாதத்தில் அவர் அந்த அறையில் அசையாமல் நின்றது அன்றுதான். "ஃபைல் எடு" என்றார். அந்தக் காகிதத்தின் நகல் இருந்த ஃபைலை எடுத்து நீட்டினாள். ஒரு பக்கத்தைப் படித்தார். அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை.

"அந்தக் கடிதங்கள் இப்போ எவிடெ?"

"மட்டாஞ்சேரியில. தகரப் பெட்டியில."

"போய் எடுத்துட்டு வா. இன்னைக்கே."

அடுத்த படகில் மட்டாஞ்சேரி போனாள். பெட்டி அலமாரி மேல் இல்லை. அவளுக்குத் திக்கென்றது. கிழித்துப் போட்டுவிட்டாரோ? வைத்தீஸ்வரன் தன் மேசைக்குக் கீழிருந்து அதை எடுத்து வைத்தார். உள்ளே கடிதங்கள் மாதவாரியாக நூலால் கட்டப்பட்டிருந்தன.

"நீ போனப்புறம் இன்னும் பதினேழு வந்திருக்கு" என்றார். "எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஒண்ணு படிக்க ஒரு மணி நேரம் ஆறது எனக்கு. 'ழ'வும் 'ற'வும் மனுஷாளைப் பாடாப் படுத்தறது."

"நம்ம வேலை இல்லைன்னு சொன்னீங்களே சார்?"

"ஆமா, சொன்னேன். அந்த செல்லப்பா நாலாவதா ஒரு கடிதாசு எழுதியிருக்கான். 'எனக்குப் பதில் எழுதிய தபால் பிரிவு அதிகாரி அவர்களுக்கு'ன்னு. அதிகாரின்னு எழுதியிருக்கான், பாத்துக்கோ. எப்படித் தூக்கிப் போடறது?"

பெட்டியை அவளிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு படகில் ஏறினார். தீவு போய்ச் சேரும்வரை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் எல்லோரும் களமசேரித் தொழிற்சாலையில் இருந்தார்கள். அங்கே பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பு விசாலாக்ஷி. கோயமுத்தூரில் ரசாயனம் படித்தவர், நாற்பது வயது, வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். ஐந்து வெள்ளைக் கிண்ணங்களில் ஐந்து பெட்டித் தேயிலையைக் கொதிநீர் விட்டு வைத்தார். மூன்று கிண்ணம் மழைக்கு முன்பே பழைய குடோனிலிருந்து வந்தது, இரண்டு வாடகைக் குடோன். எது எது என்று சொல்லவில்லை. குரியாக்கோஸ் வரிசையாக ஒரு ஸ்பூன் உறிஞ்சிக்கொண்டே வந்தார். நாலாவதில் முகம் கோணியது. "இது சாயா அல்ல. ஜலதோஷத்துக்குள்ள மருந்து."

யாரோ சிரித்தார்கள். விசாலாக்ஷி சிரிக்கவில்லை. சந்தனமாரியின் ஒரு பக்கக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எப்ப எழுதினதுங்க?"

"போன வருஷம் செப்டம்பர்ல மேடம்."

"ஒரு வருஷமா என் டிரையர் மெஷினைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்கேன். தமிழ்நாட்டுல விற்பனை குறையறதுக்குத் தப்பு எங்களுதுன்னு சேல்ஸ்ல இருந்து கடிதம் மேல கடிதம், என்ன தப்புன்னு மட்டும் சொல்லலை. மெஷின் ஓட்டற ரெண்டு பேருக்கு மெமோ வேற குடுத்தாச்சு. அதுல ஒருத்தருக்கு இன்கிரிமென்ட் நின்னு போச்சு." குரியாக்கோஸைத் திரும்பிப் பார்த்தார். "இந்தக் காகிதம் என் மேசைக்கு வந்திருந்தா பத்து நிமிஷ வேலைங்க சார்."

குரியாக்கோஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வந்திருக்கணும்" என்றார். "தப்பு என்னுடேது." எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார் என்பதை சந்தனமாரி பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று பிற்பகலே இரண்டு மெமோக்களும் ரத்தாயின. அடுத்த மழைக்கு முன்னால் பழைய குடோனுக்குப் புதுக் கூரை போட்டார்கள். ராமனை யாரும் எங்கும் மாற்றவில்லை. வாடகைக் குடோனைக் கம்பெனி விட்டுவிட்டது. கோயமுத்தூர் வியாபாரிக்கு எழுதிய கடிதத்தில், 'இதுபோன்ற புகார்கள் முன்பே வந்தும் நாங்கள் கவனிக்கத் தவறினோம்' என்று இருந்தது. அவர் லாரியைத் திருப்பி அனுப்பவில்லை.

குரியாக்கோஸ் சந்தோஷத்தில் இருந்தார். "சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்றார். ஓமனா ஏற்கெனவே பதிலைத் தயார் செய்து கொடுத்திருந்தாள், சீனியர் ஸ்டெனோ பதவி என்று.

"ஒரு மேசை சார்" என்றாள் சந்தனமாரி. "மட்டாஞ்சேரியில. கடைக்காரங்க எழுதற கடிதத்தை எல்லாம் படிச்சு, பதில் போட்டு, எந்தப் பிரிவுக்குத் தெரியணுமோ அவங்களுக்கு நேரா அனுப்பறதுக்கு."

"அங்ஙனெ ஒரு போஸ்ட் இல்லல்லோ?"

"தெரியும் சார்."

ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் பிரிவில் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். இல்லாத பதவிக்குச் சம்பளம் கிடையாது. மேசை வேண்டுமென்றால் பழைய கிளார்க் பதவிக்கே திரும்ப வேண்டும், ஸ்டெனோ அலவன்ஸ் போய்விடும் என்றார்கள். ஒரு வாரம் யோசித்தாள். அந்த ஒரு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபேனை நிமிர்ந்து பார்ப்பாள், படகிலிருந்து மட்டாஞ்சேரியைப் பார்ப்பாள். கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஓமனாவுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "ஏணியில ஏறினவ யாராவது தானா இறங்குவாளா? உனக்குப் பிராந்தா, பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, நாலு நாள் போனில் அவள் குரல் கேட்டாலும், "நம்பர் ப்ளீஸ்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் மாடத்தியின் புலம்பல் வேறு. "நான் லைன் முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே! இப்பம் எங்கன கொண்டு மூஞ்சிய வைக்க?" ஆனால் மகள் ஆபீசும் தன் சுக்குக் குடோனும் மறுபடியும் ஒரே தெருவில் என்பது மூன்றாம் நாள் மாடத்திக்கு உறைத்தது. அன்று முதல் மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லிவிட்டால் சுலபம். நடக்கவில்லை. ஐந்து வருஷம் அவளுக்குப் பதவி உயர்வு இல்லை. ஓமனா தானே ஷார்ட்ஹேண்ட் படித்துத் தீவுக்குப் போய், தான் சொன்ன ஏணியில் தானே மளமளவென்று ஏறிச் செக்ரட்டரியும் ஆகிவிட்டாள். அவளுக்கு அந்த வேலை உயிர். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. 1981-ல் குரியாக்கோஸ் ஓய்வு பெற்றதும் வந்த புது மேலாளர், "இந்த மேசையால கம்பெனிக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். செய்தது எதையும் சந்தனமாரி எழுதி வைத்திருக்கவில்லை. செய்தால் போதாதா, தெரியாதா என்று இருந்துவிட்டாள். மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள்.

அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு கடிதத்தால் என்ன மாறியது என்று ஒரு நோட்டில் எழுதினாள். பாக்கெட் ஓரம் ஒட்டும் முறை மாறியது, வத்தலக்குண்டுக்கு லாரி போகும் கிழமை மாறியது என்று ஒவ்வொன்றாக. மாதக் கடைசியில் அதை ஒரே பக்கமாகச் சுருக்கி எல்லாப் பிரிவுக்கும் அனுப்பினாள். எந்தப் பிரிவில் யார் உதவினாரோ அவர் பெயரும் அதில் இருக்கும். முதல் மாதம் யாரும் படிக்கவில்லை. இரண்டாவது மாதம் தன் பெயர் விட்டுப்போய்விட்டது என்று களமசேரியிலிருந்து ஒரு ஃபோர்மன் சண்டைக்கு வந்தார். அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. படிக்கிறார்கள்!

மேசை தப்பியது. 1983-ல் அது ஒரு பிரிவாகி, கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் ஆட்கள் வந்தார்கள். விதிப் புத்தகத்தில் புதிதாக ஒரு பதவியை அச்சடித்தார்கள். அந்தப் பதவியில் முதல் ஆள் சந்தனமாரி.

அதற்கடுத்த வருஷம் களமசேரியில் புதிதாகச் சேர்ந்த முப்பது பேருக்குப் பயிற்சி வகுப்பு. 'பெரிய நிறுவனத்தில் முன்னேறுவது எப்படி' என்று பேச அவளைக் கூப்பிட்டார்கள். கார்ப்பரேஷன் லைன் வாசலுக்கே கம்பெனி கார் வந்து நின்றது. நாற்பது வீட்டுக்காரர்களும் வெளியே வந்து பார்த்தார்கள்.

மேடையில் ஏறியதும் எழுதிக் கொண்டுவந்த மூன்று பக்கமும் அவளுக்கே பிடிக்காமல் போய்விட்டது. மடித்துப் பையில் வைத்தாள். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்" என்று, மலையாளமும் தமிழும் கலந்து பேசினாள். "இங்கே ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு தெரியும். குடோன்ல ஒரு துண்டு, லேப்ல ஒரு துண்டு, தபால்ல ஒரு துண்டு. நீங்க நடந்து போய்க் கேட்டா சொல்லுவாங்க. போன்ல கேட்டா சொல்ல மாட்டாங்க. கேட்டதை எழுதும்போது ஆளைக் காட்டிக் குடுக்காதீங்க. அப்புறம், செஞ்சதை எழுதி வைங்க. நான் எழுதாம இருந்து கிட்டத்தட்ட மேசையே போச்சு."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், இப்படிச் செஞ்சா எத்தனை வருஷத்துல புரமோஷன் கிடைக்கும்?"

"எனக்கு ஐந்து வருஷம் கிடைக்கவே இல்லை."

கூடத்தில் சின்னதாக ஒரு முனகல். அந்தப் பெண் விடவில்லை. "அந்த அஞ்சு வருஷமும் வருத்தமா இருக்கலையா?"

சந்தனமாரி யோசித்தாள். "சம்பளம் வாங்கற அன்னைக்கு இருந்துச்சு" என்றாள். "மத்த நாள்ல கடிதம் நிறைய இருந்துச்சு, நேரம் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சி அதிகாரி மட்டும் இதைக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கார் அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டது. மாடத்தி வாசலிலேயே காத்திருந்தாள். "என்னட்டி பேசுன? ஒண்ணு விடாமச் சொல்லு" என்றாள். சந்தனமாரி செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து, பேசியதை ஒன்று விடாமல் சொன்னாள். மாடத்தி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதச் சொல்லதுக்கா அவ்வளவு பெரிய காரு அனுப்புனானுவ?"

"ஆமாம்மா."

"நீ சோறு தின்னியா?"

"இல்லை. பேச்சு முடிஞ்சதும் எல்லாரும் கேள்வி கேட்டு நிறுத்திட்டாங்க."

"பேசத் தெரிஞ்ச ஆளு, திங்கத் தெரியலியே" என்று சொல்லிக்கொண்டே மாடத்தி கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் எடுத்து வர உள்ளே போனாள்.

சந்தனமாரி கால்விரலை நீவிக்கொண்டு, நாளைக் காலை முதல் வேலையாகத் தெலுங்குக்காரரிடம் கேட்க வேண்டியதை யோசிக்க ஆரம்பித்தாள். நெல்லூரிலிருந்து ஒரே வாரத்தில் பதினோரு கடிதங்கள் வந்திருந்தன. அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. பதினொன்றின் அடியிலும் ஒரே சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.